முளை இறங்காத இடம்

நான் குடிநீர்ப் பிரிவில் பிட்டராகச் சேர்ந்து இருபதாவது நாள். அருப்புக்கோட்டையில் எனக்குக் கொடுத்த வட்டாரத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் முறை. அதை விட்டால் அடுத்த முறை பத்து நாள் கழித்துத்தான். காலை ஏழு மணிக்குத் தொட்டி வால்வைத் திறந்தேன். ஏழேகாலுக்கெல்லாம், கேபிளுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஒரு கிளைக் குழாயை உடைத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்குப் பீய்ச்சுகிறது.

உடைந்த கிளையை மட்டும் அடைக்க ஒரு வால்வு உண்டு. அதை அடைத்தால் மற்ற தெருக்களுக்குத் தண்ணீர் போகும். ஆனால் ரோட்டோர மண் ஏறி ஏறி, அந்த வால்வு புதைந்து பல வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து உதவிப் பொறியாளர் சாருக்குப் போன் போட்டேன்.

"அரை மணி நேரம் தாரேன். கெடைக்கலைன்னா தொட்டி வால்வையே மூடிரு."

தொட்டியை மூடினால் மொத்த வட்டாரத்துக்கும் முறை போச்சு. போனில் அவர் போட்ட சத்தம், பக்கத்தில் குடத்தோடு நின்ற பாண்டியம்மாள் அக்கா காதிலும் விழுந்துவிட்டது. மறுநாள் அவர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம்.

"தம்பி, நாளைக்கு எரநூறு எலை விழப்போகுது. சம்பந்தகாரவுகளுக்குக் கைகழுவத் தண்ணி இல்லைன்னா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?"

எனக்கு முன்னால் இருந்த பிட்டர் விட்டுப்போன நோட்டைப் புரட்டினேன். 'ஜின்னிங் மில் கேட்டுக்குத் தெற்கே பதினாலு அடி, ரோட்டோரம்.' மில் எங்கே இருக்கிறது? அதை எப்போதோ இடித்துவிட்டார்கள்; இப்போது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள்.

நின்றவர்களைக் கேட்டதும் ஊர் வரலாறே கொட்டியது. திருச்சுழிப் பக்கமிருந்து பருத்தி ஏற்றிவந்த மாட்டுவண்டிகள், மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, மில் சங்கு ஊதினால் பாதி ஊர் சோறு தின்னக் கிளம்பியது. உட்கார்ந்து கேட்க எனக்கும் ஆசைதான். உடைந்த குழாய் விட்டால்தானே!

"கேட்டு எங்க இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

டீக்கடை முத்தையா அண்ணன் கரண்டியால் எதிர்ப்பக்கம் காட்டினார். "அந்தா, சைக்கிள் கடை வாசல்ல. தெனமும் பாத்தவன்ல நானு!"

"நீரு பாத்தது கேட்டையா, கேட்டுல நின்ன பொம்பளைகளையா?" என்றார் பாண்டியம்மாள் அக்கா.

சைக்கிள் கடையிலிருந்து அளந்து தோண்டினேன். சரளைதான் வந்தது. இன்னொருவர் சொன்ன இடத்தில் ஒரு பழைய செருப்பு கிடைத்தது. இருபது நிமிஷம் போயிருந்தது.

அப்போது பக்கத்துத் தெருவிலிருந்து நெசவாளர் சங்கரலிங்கம் ஓடிவந்தார். சேலைக்கான நூலை நீளமாக இழுத்துக் கட்டி, தெருவில் பாவு போட்டிருந்தார்.

"ஏப்பா பிட்டரு! தண்ணி பாவுக்குக் கிட்ட வந்துருச்சு. வீணாப்போன சேலைய நீயா கட்டிக்கிருவ?"

"வால்வத் தேடுறேண்ணே. கீழ எங்கயோ இரும்பு கெடக்கு."

"இரும்பா?" அவர் முகம் மாறியது. "பாவு இழுத்துக் கட்ட முளை அடிப்போம்ல, எங்க தெருமுக்குல, இந்த ரோட்டோரமா ஒரு எடத்துல எறங்கவே எறங்காது. ஒரு சாண் போனதும் டங்குங்கும். பாறைன்னு நெனச்சு, எங்கய்யா காலத்துல இருந்து ரெண்டடி தள்ளித்தான் அடிக்கிறோம்."

அந்த இடத்தில் கடப்பாறையைப் போட்டேன். டங்! நாலு வெட்டில் வால்வுத் தலை தெரிந்தது. சாவியை மாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து திருகினோம். பீய்ச்சல் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, நின்றேவிட்டது. பாண்டியம்மாள் அக்கா வீட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம்: "தம்பீ, வந்துருச்சு!"

எனக்கு மனசு அடங்கவில்லை. வால்விலிருந்து வடக்கே பதினாலு அடி டேப் பிடித்தேன். அது போய் நின்ற இடம் முத்தையா அண்ணனின் டீ அடுப்பு.

"கேட்டுலயே நின்னுக்கிட்டா இத்தன வருசமா டீ ஆத்துறீரு?" என்றார் சங்கரலிங்கம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதைந்ததைத் தேடும்போது, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பதோடு விடாதீர்கள். உங்கள் வேலைக்கு எது இடைஞ்சல் என்று கேளுங்கள். அதை யாரும் மறப்பதில்லை.

அன்றைக்கே நோட்டில் மில் கேட்டை அடித்துவிட்டு, 'சங்கரலிங்கம் அண்ணன் முளைக்கு மேற்கே ரெண்டடி' என்று எழுதினேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் இன்றைக்கும் அங்கேதான் முளை அடிக்கிறார்.