ஒத்தக்கால் துரை நடந்த சாலை

என் அத்தை நடைப்போட்டியில் மெடல் வாங்கியவர். நடப்பதற்கெல்லாம் மெடல் கொடுப்பார்களா என்று நீங்களும் சிரிப்பீர்கள். என் வகுப்பிலும் சிரித்தார்கள். ஆனால் அது நாம் கடைக்குப் போகிற நடை இல்லை, பிள்ளைகளே. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. தவறினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். அட்டைகள் சேர்ந்தால் போட்டியை விட்டே வெளியே.

அப்படி நடப்பவருக்கு இடுப்பு திரும்பித் திரும்பி ஆடும், தலை மட்டும் ஆடாது. தண்ணீரில் மிதந்து வருவதுபோல ஒரே மட்டத்தில் வரும். காலடிகளும் நம்முடையதுபோல இடம் வலம் என்று விழாமல், ஒரே கோட்டில் ஒன்றன்முன் ஒன்றாக விழும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எங்கள் குப்பம் எர்ணாவூரைத் தாண்டிக் கடலோரத்தில் இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அத்தை அவருடைய கடைசித் தங்கை. பள்ளி மைதானத்துக்குள் மட்டும் நடக்கலாம் என்று நைனா அத்தையிடம் சொல்லியிருந்தார்.

"ரோட்ல எவனாவது உன்ன ஒரு வார்த்த சொன்னான்னு என் காதுக்கு வந்துது, ஷூவத் தூக்கிக் கடல்ல கடாசிடுவேன், ஆமா."

மைதானமோ வெறும் மணல். அத்தைக்கு வேண்டியது நீளமான, கெட்டியான சாலை. அதனால் விடியற்காலையில் மைதானத்துக்கு என்று சொல்லிவிட்டு, எண்ணூர் பக்கம் கம்பெனிகளுக்குப் பின்னால் போகிற சாலைக்குப் போவோம். அத்தை முன்னால் நடக்க, நான் சைக்கிளில் பின்னால். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுத் தூக்குகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்தச் சாலையில் பைக் பையன்கள் சிலர் இருந்தார்கள். இறங்கி இடுப்பை ஆட்டி நடந்து காட்டுவார்கள். "இன்னா கண்ணு, ஆக்சில் கயண்டுக்குச்சா?" என்பான் ஒருவன். பக்கத்திலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வருவார்கள். அத்தை திரும்பவே மாட்டார். வீட்டுக்கு வரும்போது என்னிடம், "நைனா கைல மூச்சு வுட்ட, மவனே, நீ காலி" என்பார். மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

அனல் மின் நிலையத்துச் சாம்பல் ராத்திரி முழுவதும் விழுந்து, விடியும்போது சாலை மாவு சலித்துக் கொட்டியதுபோல இருக்கும். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள்தான் ஷேர் ஆட்டோவிலிருந்து முதலில் பார்த்தார்கள். சாம்பலில் ஒரே கோடாகக் காலடி. இன்னொரு நாள், புகைமூட்டத்துக்குள் வெள்ளையாக ஓர் உருவம், தலை அசையாமல் போவதையும் பார்த்துவிட்டார்கள். சாம்பலுக்குப் பயந்து அத்தை முகத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருப்பார்.

"ஒத்தக் கால்ல போய்கினு கீதுக்கா. ஷூ வேற போட்டுகினு!"

"பேய் எங்கடி ஷூ போடும்?"

"வெள்ளக்காரப் பேய் போடும். ஹார்பர் கட்டும்போது செத்த தொரையா இருக்கும்."

அவ்வளவுதான். ஒத்தக்கால் துரை பிறந்துவிட்டார். பைக்குகள் மாயமாயின. சாலை முழுவதும் அத்தைக்கே. நைனா எங்களைக் கூப்பிட்டு, "அந்த ரோட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்காதீங்க, கிரவுண்டுலயே நடங்க" என்றார். நாங்கள் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

அந்த வாரம் புயல் கூண்டு ஏற்றினார்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை. கடல் மட்டும் உறுமிக்கொண்டே கிடந்தது. படகுகள் போகவில்லை. வேலையில்லாத ஆண்களுக்குத் துரையைப் பிடிக்கிற ஆசை வந்தது எங்களுக்குத் தெரியாது.

அன்று காலையில் சைக்கிள் செயின் கழன்றது. நான் சிறுபாலத்தின் அருகே நின்றுவிட்டேன். அத்தை புகைக்குள் போய் மறைந்தார். சற்று நேரத்தில் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். பிறகு அந்த வெள்ளைத் தலை தெரிந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வருவது அத்தைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சைக்கிளுக்குப் பின்னால் பதுங்கினேன்.

அப்போது கம்பெனிச் சுவரோரமாக மூன்று பேர் எழுந்தார்கள். கையில் நீல வலை. சாலைக்குக் குறுக்கே விரித்துப் பிடித்தார்கள். நடுவில் நின்றவர் நைனா.

கத்தினால் குட்டு வெளிப்பட்டு ஷூ கடலுக்குப் போய்விடும். கத்தாவிட்டால் அத்தையின் கால் வலையில் சிக்கும். எப்படியும் போட்டி போச்சு. அத்தை வேகத்தைக் குறைக்கவில்லை. டக், டக். "ஐயோ, தொர!" என்று இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நைனா மட்டும் நின்றார். வலை தரையில் சரிந்தது. அத்தை அதன்மேல் ஏறி, ஏதோ இழுக்க ஒரு கணம் தடுமாறி, அவரைத் தாண்டிப் புகைக்குள் போய்விட்டார். நைனா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாக வலையைச் சுருட்டினார்.

மைதானத்து வாசலில் அத்தை எனக்காகக் காத்திருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "வலை மேல போவும்போது ரெண்டு காலும் தூக்கிச்சாடா?"

"தெரியல அத்தே. பயத்துல காலயே பாக்கல. நடுவுல நின்னது நைனா."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வாசலில் கிடந்த அத்தையின் ஷூவை நைனா எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அடியில் சிக்கியிருந்த நீல நூலைப் பிய்த்து மடியில் செருகிக்கொண்டார். நேராக டீக்கடைக்குப் போனார். "மெய்யாலுமே தொரதான்பா! காலு தரையிலயே படல. ஒரு சாண் மேல போவுது. எவனும் அந்தப் பக்கம் போயிடாதீங்க" என்று அவர் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது. பயத்தில் உளறுகிறார், தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அத்தைக்கோ கால் தரையில் படவில்லை என்று அவர் சொன்னதுதான் ஒரே கவலை.

பிறகு அத்தை பயிற்சி முகாமுக்கும், அங்கிருந்தே மாநிலப் போட்டிக்கும் வெளியூர் போனார். சாம்பலில் தடம் விழுவது நின்றது. "தொர சீமைக்கே பூட்டாரு போல" என்று பைக் பையன்கள் மறுபடி அந்தச் சாலையில் வந்து நின்றார்கள்.

அடுத்த நாள் காலை குப்பமே அலறியது. நானும் ஓடிப் பார்த்தேன். சாம்பலில் ஒரே கோடாகக் காலடி, பாலத்தையும் தாண்டிப் போயிருந்தது. கோடு கொஞ்சம் கோணல். ஷூ இல்லை, வெறுங்கால்.

"ஷூ பிஞ்சிடுச்சு போல" என்றான் ஒரு பையன். சொல்லிக்கொண்டே பைக்கைத் திருப்பினான். அன்றைக்குப் போன பைக்குகள் அத்தை முதல் பரிசோடு திரும்பி வந்த பிறகும் அந்தப் பக்கம் வரவில்லை. ரயில்வேயில் வேலை கிடைக்கிற வரைக்கும் அத்தை அந்தச் சாலையில்தான் நடந்தார்.

ஆனால் அந்தக் காலையில் குப்பத்திலேயே அதிகமாகப் பயந்தவன் நான்தான். துரை யாரென்று தெரிந்தவன் நான் ஒருவன். அந்தத் துரை ஊரிலேயே இல்லை.

மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். நைனா தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது?"

"தொர திரும்ப வந்துட்டாரு நைனா. வெறுங்கால்ல!"

"அப்டியா? ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சொம்பு தண்ணீரை முட்டி வரைக்கும் ஊற்றிக்கொண்டார். கடலுக்குப் போய்விட்டு வந்தவர் காலில் மணல்தான் இருக்க வேண்டும். என் பாதத்தை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போன தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. எனக்கு இருந்த பயத்தில், நான் அவர் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.