மின்கம்பியின் மறுமுனை: லிட்டில் இந்தியாவிலிருந்து துவாஸ் வரை ஒரு ஞாயிறு

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு எடுத்த மின்சாரக் காரில் சிங்கப்பூரைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். கடற்கரை, பூங்கா எதற்கும் போகவில்லை. அந்தக் காருக்குள் ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று என் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். மின்சாரக் கார் வாங்கலாமா என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருப்பவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டைதான். நானும் என் கணவர் ரவியும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சமையற்கூடம் நடத்துகிறோம். கிராஞ்சியில் ஒரு தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர்களுக்குத் தினமும் சாப்பாட்டுப் பொட்டலம் போகிறது. டீசல் வேனில் இரண்டு நடை, போக வரத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். அந்த வேனின் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் சான்றிதழ், முடியப் போகிறது. ரவி ஒரு திட்டம் போட்டார். வேனுக்கு இன்னும் ஐந்து வருடம் நீட்டிப்பு வாங்குவது, சேமிப்பிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு மின்சாரக் கார் எடுப்பது.

"சுற்றுச்சூழலுக்கு நல்லது மல்லி" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கார் ஆசை என்றால் ஆசை என்று சொல்லிவிட்டுப் போகலாமே. இந்த ஊரில் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. என் வாசலில் விட வேண்டிய புகையை மின்நிலையங்கள் இருக்கும் மேற்குக் கோடித் துவாஸில் கொண்டுபோய் விட்டால் அது எப்படி நல்லதாகும்? சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் கார் வராது. கார் விற்பவர் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பதில் கேட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். "அதற்குள் அந்த மின்சாரம் வரும் வழியைக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அப்படித்தான் புறப்பட்டோம்.

காலை 7.15க்கு வீட்டருகே பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை எடுத்தோம். ஒரு நாள் வாடகை 98 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பேட்டரி 58 விழுக்காடு, 215 கிலோமீட்டர் ஓடும் என்று திரை சொன்னது. நான் சந்தனம் குழைத்து ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தேன், கூடவே நான்கு எலுமிச்சம்பழம்.

"வாடகைக் காருக்குப் போய் யாராச்சும் பூசை போடுவாங்களா?" என்றார் ரவி.

"வாடகைக் காருன்னா இடிக்காதா? தள்ளுங்க."

காரின் மூக்கில் நிறுவனச் சின்னத்துக்குக் கீழே கறுப்பாக, வழவழப்பாக ஒரு இடம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் தோன்றியது. ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு என்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "ஸ்டார்ட்லதான் இருக்கு" என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டபோதுதான் வண்டி நகர்வதே தெரிந்தது.

பாசிர் ரிஸுக்கு 17 கிலோமீட்டர், 25 நிமிடம். விரைவுச்சாலையில் ஏறிய ஐந்தாவது நிமிடம் திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. 'ஓட்டுநர் உதவி வசதி இப்போது இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதோடு டிங் டிங் என்று மணி. அணைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி டிங் டிங். ரவி மறுபடி மறுபடி அணைத்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டேன். "நம்ம வேன் பத்து வருஷத்துல ஒரு நாள் இப்படி அழுதிருக்கா?"

பாசிர் ரிஸில் ஜோசப் அண்ணனை ஏற்றிக்கொண்டோம். மின்நிலையத்தில் முப்பது வருடம் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். எங்களோடு வருவதற்காக முந்தின நாள் மாலைப் பூசைக்கே தேவாலயம் போய்விட்டு வந்திருந்தார். அவர் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் மின்னேற்றி இருக்கிறது. மெதுவான ரகம். 45 நிமிடத்தில் ஐந்து யூனிட் ஏறியது, கட்டணம் 3.10 வெள்ளி. அதற்குள் மூன்று பேரும் மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தை பக்கத்தில் பரோட்டாவும், இழுத்து ஆற்றிய தேத்தாரே டீயும் முடித்தோம், 11.40 வெள்ளி. மின்சாரத்தைவிட எங்கள் வயிற்றுக்குத்தான் அதிகம் ஆனது.

திரும்பி வந்து மேல்தளத்தில் நின்றால் எதிர் புளோக்குகளின் கூரை முழுதும் சூரியத் தகடுகள் தெரிகின்றன. "அப்போ இந்தக் கார் வெயில்ல ஓடுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லலா மல்லிகா. அது பகல்ல லிஃப்டுக்கும் காரிடார் லைட்டுக்கும் போவும், மிச்சம் இருந்தா ஊருக்கெல்லாம் கரண்ட்டு போற கிரிட்டுக்குப் போவும். உன் காருக்குள்ள போனதுல முக்காவாசிக்கு மேல கேஸ்தான். பொய் சொல்ல மாட்டேன்."

ரவியின் முகம் சற்று வாடியது. எனக்கு அப்போது பெரிய திருப்தி.

அங்கிருந்து துவாஸுக்கு 46 கிலோமீட்டர், ஞாயிறு என்பதால் 50 நிமிடத்தில் போய்விட்டோம். வழி முழுதும் டிங் டிங். நடுவில் வாடகை நிறுவனத்துக்கு ஃபோன் செய்தோம். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். போட்டோம், மறுபடி டிங் டிங். என் பதில் 'வேண்டாம்' என்று பாதி வழியிலேயே முடிவாகிவிட்டது. ஒரு நாள்கூடத் தாங்காத வண்டிக்கு எதற்கு வாழ்நாள் சேமிப்பு?

மின்நிலையங்களை உள்ளே போய்ப் பார்க்க முடியாது. சாலையில் போகும்போது வேலியும் புகைபோக்கிகளும்தான் தெரியும். நான் கரும்புகையை எதிர்பார்த்துப் போயிருந்தேன், ஒன்றும் இல்லை. "கண்ணுக்குத் தெரியாத வாயு வருதுலா, நிறையவே வருது" என்றார் ஜோசப் அண்ணன். "ஆனா ஒண்ணு கேக்குறேன். நீ முந்நூறு பேருக்குச் சோறு ஆக்குற. முந்நூறு பேரும் ஆளுக்கொரு அடுப்பு வச்சு ஆக்குனா கேஸ் எவ்ளோ போவும்?"

"கட்டுப்படியே ஆகாது."

"அதேதான். காருக்குள்ள இருக்கிறது சின்ன அடுப்பு. ஊத்துற பெட்ரோல்ல பெரும்பகுதி சூடாவே போயிடும். இங்க இருக்கிறது உன் அண்டா. அதே ஓட்டத்துக்குக் கம்மியா எரிச்சாப் போதும். நாளைக்கு வெயில் கரண்ட்டு கூடக் கூட உன் காரும் தானா சுத்தமாவும். டீசல் வண்டி கடைசிவரைக்கும் டீசல்தான்."

அடுப்பு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது, அவர் சொன்னது கணக்காகவே இருந்தது. அருகே தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கும் சூரியத் தகடுகளைப் பார்க்கவும் போனோம். முழுதாகப் பார்க்க வழி இல்லை. வேலி இடுக்கில் ஒரு துண்டு நீரும் அதன் மேல் வரிசை வரிசையாகத் தகடுகளும் தெரிந்தன. நான் பிடிவாதக்காரி, ஆனாலும் அந்த இடத்தில் மனசு கொஞ்சம் இளகியது உண்மை. ரவி இதுதான் சமயம் என்று, "அப்ப வாங்கலாம்ல?" என்றார்.

ஜோசப் அண்ணன்தான் குறுக்கே வந்தார். "தம்பி, பேட்டரி செய்யுறதுக்கு எங்கேயோ மண்ணைத் தோண்டி, உருக்கி, வேண்டிய மட்டும் புகை விட்டுட்டுத்தான் அனுப்புறாங்க. அந்தப் பாவத்தை வண்டி ஓடி ஓடித்தான் தீக்கணும். நீ வாரத்துக்கு எவ்ளோ ஓட்டுவ?"

ரவி யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கோவில். மாதம் ஒரு தரம் உட்லண்ட்ஸில் அவர் அக்கா வீடு. மற்றபடி நாங்கள் சமையற்கூடத்துக்கு நடந்துதான் போகிறோம். "முப்பது, நாப்பது கிலோமீட்டர் வரும்" என்றார் மெதுவாக. கல்யாணத்துக்கு வந்த கிரைண்டரைப் பரண்மேல் போட்டு வைத்திருக்கிறோமே, அதைப்போல் இன்னொன்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது. அவர் எதற்கும் ஆசைப்படாத மனிதர்.

துவாஸிலிருந்து கிராஞ்சிக்கு 25 கிலோமீட்டர். விடுதி வாசலை 12.40க்கு அடைந்தோம். எங்கள் வேன் முன்பே வந்து நின்றிருந்தது. அதை ஓட்டும் துரை பொட்டலங்களைக் கொடுத்து முடிக்கிற நேரம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்பது வருடமாக நாங்கள் சாப்பாடு அனுப்பும் அந்த வாசலுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை. நான் எப்போதும் அடுப்பு முன்னால்தான் நிற்பேன். ஆட்கள் வேனுக்குப் பின்னால் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துரை கதவைச் சாத்திவிட்டு வேனைக் கிளப்பினார். குப்பென்று புகை வந்தது.

உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் சோற்றை மூடினார்கள். யாரும் திட்டவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சும் நிற்கவில்லை. வேன் திருப்பம் தாண்டியதும் கையை எடுத்துவிட்டு மறுபடி சாப்பிட்டார்கள். எத்தனை நாளாக இது நடந்தால் இப்படிப் பழகியிருக்கும்! நான் கல் பார்த்து, உப்புப் பார்த்து ஆக்கிய சோறு. அதன்மேல் புகை விட்டதும் நான்தான். துவாஸ் புகையைப் பற்றிக் காலையிலிருந்து வாய் கிழியப் பேசிக்கொண்டு வந்தவளும் நான்தான்.

அங்கே சேகர் என்பவர் எழுந்து வந்தார். அறந்தாங்கிக்காரர், ஊழியர்களை ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுபவர். எங்கள் காரின் டிங் டிங் சத்தம் அவரை இழுத்திருக்கிறது. காரைச் சுற்றி வந்து, முன்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, யாரு இங்க பொட்டு வச்சது?"

"நான்தான். ஏன்?"

"இது வண்டியோட கண்ணுக்கா. முன்னாடி என்ன வருதுன்னு இதுலதான் பாக்கும். கண்ணுல சந்தனத்த அப்பிட்டு ஏன் கத்துறன்னு கேட்டா அது என்ன பண்ணும்?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததால் இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. ரவி வண்டியை அணைத்து மறுபடி போட்டார். மஞ்சள் முக்கோணம் மறைந்தது, மணி நின்றது. ஜோசப் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ரவி சிரிக்காமல் இருந்ததற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாவுக்குத் திரும்ப 24 கிலோமீட்டர். புக்கிட் தீமா தாண்டும்போது நான் ஆரம்பித்தேன். "நம்ம வேன் ஒரு நாளைக்குத் தொண்ணூத்தாறு ஓடுது. கார் ஒரு மாசத்துக்கு ஓடுறத வேன் ரெண்டே நாள்ல ஓடிடும். பேட்டரி போட வேண்டியது எதுலன்னு நீங்களே சொல்லுங்க."

ரவி சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த ஆளுங்க கைய வச்சு மூடினாங்களே, நானும் பாத்தேன் மல்லி" என்றார்.

ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. ரவியே எடுத்தார். "கார் வேணாம்லா. மின்சார வேன் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கார் அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஃபோனை வைத்ததும் அவருக்கு நானே ஒரு காப்பி கலந்து கொடுத்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வேனிலேயே போகலாம், முன்சீட்டில் நான் உட்காருகிறேன் என்றும் சொன்னேன்.

இதே சுற்றைப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மொத்தம் 112 கிலோமீட்டர், காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். பேட்டரி பாதி இருந்தால் போதும், நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் இந்தத் தீவுக்குத் தேவையில்லை. மின்நிலையங்கள் பாதுகாக்கப்பட்ட இடங்கள், அங்கே இறங்கிப் படம் எடுக்காதீர்கள். துவாஸ் பக்கம் ஞாயிறன்று சாப்பாடு கிடைப்பது சிரமம், கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவுக்கு மூன்று மணிக்குமேல் திரும்பினால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கார் வாங்குவதற்கு முன் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முப்பது நாற்பதுதான் வருகிறது என்றால் எம்ஆர்டி ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, தேவைப்படும் நாளில் இதுபோல் வாடகைக்கு எடுக்கலாம். நாள் முழுதும் ஓடுகிற வண்டி உங்களிடம் இருந்தால் மாற்ற வேண்டியது அதைத்தான். இதை அடித்துச் சொல்வேன்.

போன வாரம் புது வேன் வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு போன நான், விற்றவரிடம் முதலில் கேட்டது "கண் எங்கே இருக்கிறது?" என்பதைத்தான். அவர் காட்டிய இடத்தை விட்டு, ஓரமாகச் சின்னதாகப் பொட்டு வைத்தேன். முதல் நடைக்கு நானும் கிராஞ்சி போனேன். சேகரின் லாரி இன்னும் டீசல்தான், பக்கத்தில் புகை கக்கிக்கொண்டுதான் வந்து நின்றது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எல்லாருக்கும் பொட்டலம் கொடுத்து முடித்து, துரை வேனை எடுத்தார். சக்கரம் நகர்வதைப் பார்த்ததுமே சேகரின் கை பழக்கத்தில் சோற்றை மூடியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். வேன் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார்.