வெறும் வண்டி குலுங்கும்

என் கணவருக்கு இரண்டு மனைவிகள் என்று நான் எல்லோரிடமும் சொல்லுவேன். மூத்தவள் அந்தக் கறுப்புப் போர்வீல், பின்னால் சாமான் தட்டு வைத்த பிக்கப் வண்டி. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. டர்போ வைத்த டீசல் இஞ்சின், என் இடுப்பைத் தொடும் டயர்கள், கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும் சத்தம். எங்கள் ஊர் லூபோக் சீனாவைச் சுற்றியிருக்கும் செம்பனைக் காடுகளில் மழைக்காலத்தில் சேற்றுப் பந்தயம் நடக்கும். அதற்குப் போய்விட்டு வரும்போது வண்டியும் அவரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். முதல் குளியல் வண்டிக்குத்தான்.

நான் சமையல் ஆர்டர் எடுப்பவள். கல்யாணம், காதுகுத்து, கோயில் பூசை, எதுவானாலும் கூப்பிடுவார்கள். என் அண்டா குண்டான்கள், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் வாடகை வேனில்தான் போகும். வேன்காரன் ஒரு நாள் வருவான், ஒரு நாள் போனை எடுக்க மாட்டான். வாசலில் யானை மாதிரி ஒரு வண்டி நிற்கிறது, அதன் பின்தட்டில் ஒரு கரண்டியைக்கூட வைக்க அவர் விட்டதில்லை.

"சாம்பார் சிந்துனா வாடை போவாதுடி. இது ரேஸ் வண்டிலா, பாசாருக்குச் சாமான் ஏத்துற வண்டி இல்ல," என்பார்.

"அப்ப அவளையே சோறாக்கச் சொல்லுங்க," என்று நான் வண்டியைக் காட்டிச் சொல்லிவிட்டு உள்ளே போவேன்.

அவருக்கு முதுகு வலி வந்தபோது, இத்தனை வருஷம் சேற்றில் குதித்த வலி என்றுதான் நினைத்தோம். தைலம் தேய்த்தோம். உருவி விடும் ஒரு பெரியவரிடம் போனோம். கடைசியில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்று முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். வலியைக் குறைக்கலாம், நோயை நிறுத்த முடியாது என்று அந்த டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் டாக்டர் மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி ஆஸ்பத்திரி. என்னிடம் ஒரு சின்னக் கார் உண்டு. ஆனால் அது தாழ்வானது, குனிந்து ஏறவும் எழவும் அவரால் முடியவில்லை. போர்வீலின் இருக்கை உயரமாக இருந்ததால், முதுகைத் திருப்பி, அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். நான் தலையணைகளைச் செருகிவிடுவேன். இத்தனை காலம் சாவியைத் தொட விடாத மனுஷன், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச மெதுவா விடுடி, அவளுக்கு வலிக்கும்," என்பார். தனக்கு வலிக்கும் என்று சொல்ல மாட்டார்.

மூத்தவளும் அப்போது நோயாளிதான். நாலு சக்கரத்திலும் குலுக்கலைத் தாங்கும் அப்சோபர் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே அடியில் டொக்கென்று இடிக்கும். சாலைக்குக் குறுக்கே மேடு கட்டி வைத்திருக்கும் பொங்கோல் வந்தால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை அவர் இறுகப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா வரைக்கும் எத்தனை பொங்கோல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவர்களையெல்லாம் சபித்துக்கொண்டே ஓட்டுவேன். எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இருக்கிற வரைக்கும் அவர் வலியில்லாமல் போய் வர வேண்டும்.

மலாக்கா பக்கம் பாச்சாங்கில் ஒரு ஒர்க்‌ஷாப். அதை வைத்திருந்தவர் என் கணவருடைய சேற்றுப் பந்தயக் கூட்டாளி, வயதில் இளையவர். என் கணவரை அண்ணே என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார்; எனக்கு அவர் தம்பி. வண்டியின் கீழ்ப்பகுதியை முழுசாகப் புதுப்பித்துவிடலாம் என்று போனில் பேசி முடித்தோம். கிளம்புகிற காலையில் என் கணவர் திடீரென்று, "அந்த ரெண்டு பெரிய அண்டாவையும் ஏத்து. கைப்பிடி ஆடுதுன்னியே, அங்க வெல்டிங் வச்சிக்கலாம்," என்றார்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "இன்னிக்கு மழை கொட்டப் போவுது," என்றேன். "கவுத்து வையிடி, கோடு விழாம," என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாக என் அண்டாக்கள் அந்தப் பின்தட்டில் ஏறின.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்துக் கைகளில் இருந்த ரப்பர் புஷ்ஷைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார் தம்பி. கருப்பட்டி மாதிரி உதிர்ந்தது. "இது இப்படி இருந்தா எப்படிக்கா குலுங்காம இருக்கும்?" என்றார். புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் புதுசு, கேஸ் அடைத்த அப்சோபர் நாலு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "தம்பி, எனக்கு ஒன்னும் தெரியாது. மெத்த மாதிரி ஆக்கிக் குடுத்துரு," என்றேன்.

பின்பக்கத்துக்கு வந்தபோது என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, சுவரோரம் அடுக்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகளில் இருப்பதிலேயே தடிமனானதைக் காட்டினார். தம்பி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மெத்த மாதிரின்னு சொன்னேனே," என்றேன்.

"இதுதான்டி ஸ்ட்ராங்கு. சாமான் ஏத்துனாலும் தாங்கும்."

"என்னா சாமான் ஏத்தப் போறீங்க?"

அவர் மறுபடியும் அதே பட்டையைத்தான் காட்டினார். மறுபடியும் சேற்றில் இறங்கப் போவதாக நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் சொன்னது அவர் மண்டையில் ஏறவில்லை, அல்லது ஏறியும் நம்பவில்லை. அப்படி நம்பிக்கொண்டிருக்கிறவரிடம் நான் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி, வாடகைக் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ஒர்க்‌ஷாப் தரையெல்லாம் ஒரே தண்ணீர். வழக்கம்போல அவளைக் குளிப்பாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பிய வழியை நான் மறக்க மாட்டேன். முன்பக்கம் வெண்ணெய் மாதிரி போனது. பின்பக்கம் கட்டை வண்டி. ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைப்பது போல் தூக்கிப் போட்டது. அவர் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"புதுசுலா. பழகிரும்," என்றார்.

"எனக்கா, உங்களுக்கா?" என்று கத்தினேன். வீடு வந்து சேர்வதற்குள் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். பந்தயம், சேறு, மூத்தவள், அவர் கூட்டாளிகள், ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தம்பிக்குப் போன் போட்டேன். "இந்தப் பட்டைக்கு மேல பாரம் இருக்கணும்க்கா. வெறும் வண்டி குலுங்கும். மணல் மூட்டை போட்டுப் பாருங்க," என்றார். மணல் வாங்கி மூட்டை கட்டிப் பின்தட்டில் போட்டேன். உதைப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. "ஓஹோ, இப்ப மட்டும் ரேஸ் வண்டியில மூட்டை ஏறலாமா?" என்று அவரைச் சீண்டினேன். அவர் சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும். ஆனாலும் சிரித்தார்.

அந்த நாட்களில் அவர் பல தடவை ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். "எனக்கப்புறம் நீ..." என்று வாயெடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் எதையாவது உருட்டிக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் டிவியைப் போடுகிற சத்தம் கேட்கும். அப்புறம்தான் வெளியே வருவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிராத ஒரு காலையில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலைக் கழுவும்போது மணல் மூட்டைகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு பாச்சாங்குக்குப் போனேன். வழி நெடுக உதைத்தது. ஒவ்வொரு உதையும் அவர் முதுகில் விழுந்ததை நினைத்து அழுதுகொண்டே ஓட்டினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி இறங்கியதும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பட்டையைக் கழட்டித் தூக்கிப் போடு. எத வித்தாவது நான் மெத்தையா வாங்கிப் போட்டுருப்பேன். அவருதான் புரியாம சொன்னாரு, நீயுமா? வலியோட இருக்கிற மனுஷனுக்குப் போடுற பட்டையா இது?"

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "அக்கா, இது அண்ணன் தனக்காகப் போட்டது இல்லக்கா."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நீங்க மருந்து வாங்கப் போனீங்கள்ல. ஒங்க ரெண்டு அண்டாவையும் பின்னால நிமுத்தி வச்சு, ஹோஸ் போட்டு வழிய வழியத் தண்ணி ரொப்பச் சொன்னாரு. கேஸ் சிலிண்டருக்குப் பதிலா பழைய கியர்பாக்ஸ ஏத்தச் சொன்னாரு. அரிசி மூட்டைக்கு எங்க ஆளுங்களையே ஏறி உக்காரச் சொன்னாரு. வண்டி பின்னால எறங்காம சமமா நிக்கிற வரைக்கும் பட்டைய ஒன்னொன்னா சேத்துச் சேத்துப் பாத்தோம். நான் சொன்னேன்க்கா, 'அண்ணே, வெறும் வண்டியில ஒங்களுக்கு உசுரு போயிரும்'னு. 'நான் எத்தன நாளைக்குலா உக்காரப் போறேன். அவதான் ஓட்டப் போறா. வேன்காரன நம்பி அவ ரோட்டுல நிக்கக் கூடாது'ன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்களாம்."

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். என்னைக் கேட்காமல் அவர் எப்படி அதை முடிவு செய்யலாம்? எனக்கு வேண்டியது வலியில்லாத அவர். நாளைக்கு நான் ஏற்றப்போகும் அண்டாவுக்காக இன்றைக்கு முதுகைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், பாவி மனுஷன். திட்டித் தீர்க்க வேண்டும் போல் இருந்தது. பட்டையைக் கழட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த முதல் ஆர்டர் அலோர் காஜாவில் ஒரு கோயில் அன்னதானம். வேன்காரனைக் கூப்பிடவில்லை. சாம்பாரும் பாயசமும் நிறைந்த அண்டாக்கள், சோற்றுக் குண்டான்கள், சிலிண்டர், எல்லாவற்றையும் கூட வேலை செய்யும் பெண்கள் பின்தட்டில் ஏற்றினார்கள். அவர்கள் என் சின்னக் காரில் முன்னால் போனார்கள். நான் தள்ளி நின்று பார்த்தேன். வண்டி முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டமாக நின்றது.

சாலையில் ஏறியதும் அது வேறு வண்டியாகிவிட்டது. பள்ளம் வந்தது, போனது. முதல் பொங்கோல் தெரிந்ததும் பழக்க தோஷத்தில் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் அவர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். தலையணைகளை நான் இன்னும் எடுக்கவில்லை. வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஒரு மூடிகூடச் சத்தம் போடவில்லை. அவர் உடம்புக்குக் கிடைக்காத சொகுசு என் சாம்பாருக்குக் கிடைத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதேன். பந்திக்கு நேரமாகிவிடும் என்பதால் கிளம்பினேன்.

கோயிலில் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு துணியோடு பின்தட்டில் ஏறினேன். சிந்தியிருந்தால் வாடை பிடிப்பதற்குள் துடைத்துவிட வேண்டும். மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. துடைக்க ஒன்றுமில்லாமல், கையில் துணியோடு, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.