உதடு முன்னே, குரல் பின்னே

போன வாரம் தங்கச்சி மகள் தன்னுடைய நிச்சயதார்த்த வீடியோவை ஏழெட்டுத் துண்டுகளாகப் போனுக்கு அனுப்பி, "மாமா, இத ஒன்னா ஒட்டித் தாங்க" என்று கேட்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வதற்குள் இன்னொரு செய்தி. "வேணாம் மாமா, நானே போன்லயே ஒட்டிட்டேன்." ஒட்டியதையும் அனுப்பியிருந்தாள். உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. உதடும் குரலும் ஒன்றாகவே போயின. பிள்ளையைப் பாராட்டியிருக்க வேண்டும். எனக்கோ பரீனாவின் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

பரீனா யார் என்று சொல்லிவிடுகிறேன். மாத்தளை டவுனில், கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோ இருந்தது. கீழே சரக்கு காயும் நாட்களில் மேலே கம்ப்யூட்டர்கூட மணக்கும். இப்போதும் வீட்டில் பிரியாணிக்குக் கராம்பு வறுத்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை; யாரோ சிடி கேட்டுப் படியேறி வருவதுபோல ஒரு பதற்றம்தான் வருகிறது. அங்கே படம் பிடிப்பதும் நான், பிடித்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டி ஒட்டுவதும் நான். டவுனில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று முதலாளி சொல்வார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு முஸ்லிம் கல்யாணங்கள் வரத் தொடங்கின. பெண்கள் பக்கத்துப் படத்தை ஓர் ஆம்பிளை உட்கார்ந்து பார்த்து வெட்டுவதா என்று வீட்டார் கேட்டார்கள். நியாயம்தான். முதலாளி உக்குவளையிலிருந்து பரீனாவைக் கொண்டுவந்தார். கண்டியில் கம்ப்யூட்டர் படித்தவள், சின்ன வயது, வாய் ஓயாது. வந்த அன்றே என் நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, "அண்ணன், இந்த மெஷின்ல என்னத்தயெல்லாம் போட்டு நெரப்பி வச்சீக்கிறீங்க" என்றாள்.

முஸ்லிம் கல்யாணம் மட்டும் அவளுக்கு என்றுதான் பேச்சு. கொஞ்ச நாளில் கோயில் கல்யாணக்காரர்களும் படியேறி வந்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடமே, "அந்தப் புள்ள இருக்குங்களா?" என்று கேட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே மவுசை உருட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு வேண்டுமென்றே எழுப்புவதுபோலக் கேட்கும். அவள் ஒட்டிய கல்யாணம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குறை தேடியும் பார்த்தேன். தாலி கட்டும் இடத்தில் பூ கொஞ்சம் அதிகமாகப் பறக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரின் மகள் தவமணிக்குக் கல்யாணம் வந்தது. சண்டை மறுபடி தொடங்கி, ரோட்டில் ராணுவச் சோதனைச் சாவடிகள் முளைத்திருந்த காலம். பெண் வீட்டுச் சடங்கைப் பிடித்துவிட்டு டவுன் மண்டபத்துக்கு இறங்கி வரும் வழியில் எங்களை நிறுத்தினார்கள். கெமராவின் பேட்டரியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் மைக்கைப் பிடித்து மகளைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே போனார். போதும், நிறுத்து என்று முதலாளி தூரத்திலிருந்து கை காட்டினார். எனக்கு மனம் வரவில்லை. அம்மா மலையில் கொழுந்து பறிக்கையில் கூடைக்குள்ளேயே தூங்கிப்போன பிள்ளை இது என்று அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. கடைசிச் சொல்வரை பிடித்தேன்.

ஒரு மாதம் ஆகவில்லை, மாஸ்டர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தவமணி அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நான் ஒட்டிக் கொடுத்த சிடியோடு வந்தாள். "அப்பா வாய் மொதல்ல அசையுது, சத்தம் பொறகு வருதுங்க. போகப் போக ரொம்ப தள்ளிப் போகுது. அம்மா அத பாத்துட்டு ஒழுங்கா சாப்புடுறதே இல்ல." அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். டேப்பின் மேல் வேறு கல்யாணம் பதிந்தாயிற்று. அப்போது கடைகளில் அதுதான் வழக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த துண்டுகள் மட்டுமே மிச்சம். எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்.

"அங்கங்க சத்தத்த கொஞ்சம் வெட்டி எடுத்தா வாய்க்குச் சரியா வந்துரும்."

"வெட்டுனா அப்பா பேசுனது கொறஞ்சிருமேங்க."

"ரெண்டு மூனு வார்த்தை போகும், அவ்வளவுதான்."

தவமணி அம்மாவைப் பார்த்தாள். தடுப்புக்கு உள்ளேயிருந்து பரீனா எழுந்து வந்தாள். "ஒரு சொல்லும் வெட்ட வாணாம். எனக்குத் தாங்க, நான் பாக்குறன்."

கொடுத்தேன். இவளால் முடியக் கூடாது என்று நினைத்தேன். அந்த அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே நினைத்தேன்.

மறுநாள் பகலில் என்னை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணன், ஊட்டுல புடிச்சதும் மண்டபத்துல புடிச்சதும் சத்தம் ஒரே கணக்குல ஏறல்ல. நடுவுல கெமராவுக்கு என்னமோ நடந்தீக்கி."

பேட்டரி. பழைய கெமரா அது. பேட்டரியைக் கழற்றினால், சத்தம் பதியும் கணக்கு உட்பட நாம் வைத்த அமைப்பையெல்லாம் மறந்து, பெட்டியிலிருந்து எடுத்த நாளைப்போல ஆகிவிடும். சாவடிக்கு முன்னே ஒரு கணக்கிலும் பின்னே வேறு கணக்கிலும் பதிந்த துண்டுகளை நான் அப்படியே ஒட்டியிருந்தேன். அவள் சத்தத்தைத் தனியே பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு ஒட்டினாள். சொன்னால் இவ்வளவுதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவையும் மகளையும் வரச்சொல்லிப் போட்டுக் காட்டினாள். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். உதடு அசைந்தது, அதோடு குரலும் வந்தது. அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் தூங்கிய பிள்ளை என்று மாஸ்டர் சொன்ன இடத்தில், அம்மா வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பொய் சொல்றாரு. கூடையில தூங்குனது பெரியவன்."

தவமணி சிரித்தாள், உடனே அழுதாள். அம்மா எழுந்து பரீனாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கை வலிக்க வலிக்கப் பிடித்தவன் நான், முதலாளி நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவன் நான். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

பரீனாதான் திரும்பினாள். "அண்ணன் நிப்பாட்டாமப் புடிச்சீந்ததாலதான் இது ஈக்கி. இல்லாதத நான் ஒட்ட ஏலுமா?"

உடனே அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். பரீனா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எப்படியோ தாங்கியிருப்பேன். எனக்குச் சேரவேண்டிய கும்பிடும் அவள் கையால் வாங்கித் தந்ததாக ஆகிவிட்டது.

பிறகு அவள் கல்யாணம் முடித்துக் கலேவெலக்குப் போனாள். அங்கே சொந்தமாக ஸ்டூடியோ போட்டு, பெரிய பலகையில் தன் பெயரையே எழுதி வைத்தாள். எங்கள் கடை மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. நான் பாடசாலைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கிறவனானேன். கலேவெலப் பக்கம் போகும்போதெல்லாம், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து அந்தப் பலகையைப் பார்ப்பேன். வாசலில் எப்போதும் இரண்டு பெண்களாவது காத்திருப்பார்கள். ஒரு நாளும் இறங்கியதில்லை; பிறகு பல வருஷம் அந்தப் பக்கம் போகவும் நேரவில்லை.

எங்கள் மேல்மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. கீழேயிருந்த சரக்குக்கடை செருப்புக்கடையாகிவிட்டது. டேப்பைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் இல்லை. தங்கச்சி மகளின் வீடியோவைப் பார்த்த மூன்றாம் நாள், வேலை ஒன்றும் இல்லாமலேயே கலேவெலக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை இறங்கினேன். பலகை இல்லை. அந்த இடத்தில் சாயம் பூசிய புதுச்சுவரோடு ஒரு மருந்துக்கடை. உள்ளே இருந்தவரிடம் விசாரித்தேன்.

"ஸ்டூடியோவா? நாங்க வரக்குள்ள சும்மா பூட்டித்தான் கெடந்திச்சி. எங்க போனாங்கண்டு தெரியல்லயே."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் நன்றாக இருக்கிறாள், என்னைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறாள் என்று இத்தனை வருஷமும் எரிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு, அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று இருந்தது.