காக்க வேண்டியிருந்த கீழ்ப்பகுதி

அந்த டீசல் எஞ்சின் மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘சைலன்சர்’. வாயிலிருந்து புகை வராத பொழுது அரிது என்பதே காரணம். புகைப்பதை அவர் ஒருவழியாகக் கைவிட்டபோது, நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து, உட்சென்ற காற்று வெளியேற வழியின்றித் தேங்கத் தொடங்கியிருந்தது. சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுவார்.

முதலில் மருத்துவர்கள் கத்தியின்றி, தொண்டைவழியே குழாய் செலுத்திச் சிறு வால்வுகளைப் பொருத்தினர். காற்றுப் புகாவிட்டால் கெட்ட பகுதி சுருங்கும் என்பது எதிர்பார்ப்பு. பக்கத்துப் பகுதியிலிருந்து காற்றுக் கசிந்ததால் அது சுருங்கவில்லை.

“கேஸ்கட் போயி கசியிற எஞ்சினுக்குப் புது வால்வு போட்டு என்ன பிரயோசனம், டாக்டர்?” என்றார் சைலன்சர்.

அறுவை மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். மாற்று நுரையீரலை இவருடைய பலவீனமான இதயம் தாங்காது. எஞ்சியது ஒரே வழி.

“மேல்பகுதி சும்மா எடத்த அடைச்சுக்கிட்டிருக்கு. அத வெட்டி எடுத்தா, கீழ இருக்கிற நல்ல பகுதி விரியும். ஆனா ஆபத்தான ஆபரேஷன். பொழைக்காம போனவங்களும் உண்டு.”

“வெட்டுங்க,” என்றார் இவர்.

நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்தார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. மருத்துவமனையில் சேருமுன் பட்டறையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைக்கச் சென்றார். அங்கே ஒரு லாரியின் டேங்கிலிருந்து டீசலை இறக்க வேண்டியிருந்தது, கைப்பம்போ பழுது.

“நீங்க உக்காருங்க மாமா. நான் போயி பம்பு வாங்கிட்டு வரேன்.”

“நீ டீக்கடைய ஒரு சுத்து சுத்திட்டு சாயங்காலம் வருவ. இது கன்னத்தோட வேலைடா, மூச்சோட வேலையில்ல.”

அவர் சொன்னதில் பிழையில்லை. ரப்பர்க் குழாயை வாயில் வைத்து, கன்னத்தால் இழுத்து, டீசல் உதட்டருகே வந்ததும் கட்டைவிரலால் அடைப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஒரு சொட்டும் உள்ளே இறங்கியதில்லை. அன்று பாதியில் இருமல் வந்தது. இருமலுக்குப் பின் மூச்சை இழுத்தே ஆகவேண்டும். மூச்சோடு டீசலும் போயிற்று.

“சின்னப் புள்ளையா நீங்க? அதப் போயி வாயில வப்பாங்களா?” மனைவி மருத்துவமனைக் கட்டிலருகே நின்று கேட்டார். ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் இருமிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் தணிந்த பிறகு மருத்துவர் புதிய ஸ்கேனைக் காட்டினார்.

“எந்தப் பகுதிய நம்பி ஆபரேஷன் பண்ண இருந்தோமோ, டீசல் அங்கதான் எறங்கியிருக்கு.”

“ஆறட்டும் டாக்டர். காத்திருக்கேன்.”

“ஆறும்யா. ஆனா தழும்பு விரியாது. இப்ப மேல்பகுதிய எடுத்தா மூச்சு விட ஒண்ணுமே மிஞ்சாது.”

வாசலில் நின்ற மைத்துனன் தேம்பினான். “பம்ப அன்னைக்கே வாங்கி வச்சிருக்கணும், மாமா.”

“வாங்கி வச்சிருந்தாலும் நான் தொட்டிருப்பேனா, போடா.”

ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீடு திரும்பினார். மழைக்காலத்தில் ஒரு சாதாரணச் சளி பிடித்தது. அதை இருமி வெளியே தள்ளும் வலு அவரிடம் இல்லை.