பெரியம்மாவின் பால் கேன்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பாலைச் சோதிப்பது என் வேலை. அதற்கான படிப்புதான் படித்தேன். அடர்த்தி, கொழுப்பு, வாடை, கடைசியாக மருந்துச் சோதனை என்று காலை வேலை தலைக்குள் வரிசையாக இருக்கும்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாட்கள் ஊற்றக் கூடாது. ஒருவர் ஊற்றினாலும் தொட்டிப் பால் முழுவதும் வீண். ஒருமுறை அப்படித் தொட்டிப் பால் டவுன் பால் பண்ணையிலிருந்து திரும்பி வந்தது. இனி யார் கேனில் மருந்து தெரிந்தாலும் அவர்களிடம் பால் எடுப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் குற்றமில்லை. அதனால் வரிசையில் நின்றபடியே கேட்பார்கள். "அம்மிணி, ஊசி போட்ட மாடு, என்னைக்கு ஊத்தலாம்?"

பெரியம்மா மட்டும் கேட்கமாட்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இறந்த கோடையில், கூட்டுக் கிணற்றில் எங்கள் முறை வந்தபோது பெரியப்பா வீட்டார் மோட்டார் ரூமைப் பூட்டிவைத்தார்கள். தீவனப் பயிர் கருகியது. அம்மா மாட்டை விற்றார். இப்போது பெரியப்பா படுக்கையில் இருக்கிறார், பெரியம்மா ஊற்றும் பாலில்தான் அந்த வீடு நடக்கிறது. தினமும் வந்து, கேனை மேஜைமேல் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மருந்துச் சோதனையைத் தினமும் சிலருக்குத்தான் செய்வேன், உறுப்பினர் எண் வரிசைப்படி. அன்று அவர் முறை. சோதனைத் தாளில் விழ வேண்டிய கோடு விழவில்லை; பாலில் மருந்து இருந்தது.

எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சத்தமாகச் சொன்னால் போதும்.

மாரியம்மன் நோம்பியில் கேட்ட கதை நினைவுக்கு வந்தது. அண்ணன் தம்பி ஐவரைக் காட்டுக்கு விரட்டிய பங்காளிகளைக் கந்தர்வர்கள் கட்டி இழுத்துப் போகிறார்கள். ஐவரில் மூத்தவர் தம்பிகளை அனுப்பி மீட்கிறார். அந்தப் பெருந்தன்மையைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கு மறக்காதது அதன் பின்பகுதி. மீட்கப்பட்ட பங்காளிகளில் மூத்தவன் வெட்கம் தாங்காமல், சோறு தண்ணீர் இல்லாமல் சாகிறேன் என்று உட்கார்ந்துவிடுவான். ஊர் பார்க்கக் காட்டிக்கொடுப்பதும், ஊர் பார்க்க மன்னிப்பதும் அவனுக்கு ஒன்றாகவே இருந்திருக்கும்.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். "பெரிம்மா, இது எந்த மாட்டுப் பாலுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "செவலை."

"ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

"மடி வீங்கியிருந்துச்சு, போட்டாங்க. இப்ப நல்லாத்தான் இருக்குது." குரல் தாழ்ந்தது. "எப்ப ஊத்தறதுன்னு யாருகிட்டக் கேக்கறது?"

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் பொறுமையிழந்தார். "ஏனுங்க, அங்க கல்யாணச் சம்பந்தமா பேசறீங்க? பாலு தயிராயிரும்."

"இன்னிக்கு ஊத்த வேண்டாங்க பெரிம்மா. கன்னுக்குட்டிக்கும் வெக்காதீங்க. நாளைக்குக் கொஞ்சம் கொண்டாங்க, பாக்கறேன்."

செயலாளரிடம் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன்: முதலில் சோதனை, பிறகு கேள்வி. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொட்டியில சேரலீல்ல? கேட்டதுக்கு ஒளிக்காமச் சொல்லீருக்காங்க. உடுங்க."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உன்ற கைக்கு வந்ததை உட்டுட்டு வந்திருக்கற," என்றார். வெகுநேரம் கழித்து, "மாடு தேறிக்குமா?" என்று கேட்டார்.

மறுநாள் பெரியம்மா டம்ளரில் பால் கொண்டுவந்தார். அன்றும் கோடு விழவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது தோட்டக்காரர் வழிமறித்தார். "ஏனாத்தா, கேனு எங்க? டம்ளரைத் தூக்கிட்டு வந்திருக்கற?"

"ஊசி போட்ட மாடு," என்றார் பெரியம்மா, வரிசைக்கே கேட்கும்படி. "ஊத்தலாமான்னு எங்கூட்டுப் புள்ளையக் கேக்க வந்தேன். இன்னும் வேண்டாங்கறா."