காசிராஜன் மாமாவும் பிளாஸ்டிக் பை கட்டிய கம்ப்யூட்டரும்

காசிராஜன் மாமாவைப் போல ஜீப் ஓட்ட போடியில் ஆளில்லை என்று நான் சொன்னால், ஸ்டாண்டில் நிற்கும் மற்ற டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், எனக்கென்ன. இருபத்தாறு வருடம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனவர். ஒருவருக்குக்கூட முழங்கை சிராய்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் டீக்கடையில் நின்றபடியே கண் நிலைகுத்தி விழுந்தார். வலிப்பு. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, யாரும் கேட்காமல் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு வலிப்பு வரவில்லை. மாத்திரையும் தவறவில்லை.

மகள் நிலா சென்னைக்கு வேலைக்குப் போகும்போது, கல்லூரியில் விளையாடிய பழைய கம்ப்யூட்டரை அவருக்கு விட்டுப் போனாள். பிரேக்கும் கியரும் சேர்ந்த ஒரு ஸ்டியரிங்கும் வாங்கி மாட்டி, மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பகலில் ஒரு மணி நேரம் ஆடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மாமா குளித்து, காக்கிச் சட்டை மாட்டி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார். சிரிக்காதீர்கள், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

போன மாதம் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஆட்கள் போகும்வரை காத்திருந்தார்.

"மாப்ளே ஷகீலு, வீட்டுக்கு ஒரு நடை வர்றியா? வளைவுல திரும்பையில படம் நின்னு போகுது."

"பத்து வருசத்துப் பொட்டி மாமா. நிக்கத்தான் செய்யும்."

"அதுக்கில்லப்பா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படம் நிக்குதா, நான் நிக்கிறேனான்னு தெரியல. அன்னைக்கி டீக்கடையிலயும் எல்லாம் ஒரு நொடி இப்பிடித்தான் நின்னுச்சு. ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம்."

"எத்தனை நாளா?"

"இருவது நாளா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது நாளாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படிச் சோறு தின்றார்? கடையைச் சாத்திவிட்டு உடனே கிளம்பினேன்.

பெட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மனைவி அய்யம்மாள் அத்தைக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை. ஈரம் பட்டுக் காயின் பச்சை மங்கிவிடாமல் இருக்க, சாக்குக்குள் கனத்த பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுவார்கள். அதே பையை மகளின் கம்ப்யூட்டருக்கும் மாட்டி, சணலால் இறுக்கி, பொத்தானுக்கும் வயருக்கும் மட்டும் ஓட்டை போட்டிருந்தார்.

"ஜீப்பு ரேடியேட்டரை இப்பிடிக் கட்டிப்போட்டு மலை ஏத்துவீகளா மாமா?"

"அவ ஆசையாக் கட்டுனதை நான் எப்பிடி அவுக்க?"

நானும் உடனே அவிழ்க்கவில்லை. "ஓட்டுங்க. நானும் பாக்கணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் படம் நின்றது.

"இப்ப" என்றார்.

"எனக்கும் நின்னுச்சு மாமா. சத்தியமா நின்னுச்சு."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு பையைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி தூசி. ஊதி எடுத்து, ஃபேனைத் துடைத்து, சூட்டை இழுத்து வெளியேற்றும் பசை காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதுப்பசை தடவினேன். என்னிடம் இருந்த ராம் மெமரி அட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகினேன். பெட்டியைப் போட்டதும் தானாக எழுந்து உட்காரும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். விளையாட்டில் நிழலையும் தூரத்துக் காட்டையும் குறைத்து வைத்தேன். "ரோடு தெரிஞ்சாப் போதும்ல மாமா" என்றேன். தொண்ணூற்றாறு டிகிரியில் கொதித்த பெட்டி எழுபதுக்கு இறங்கியது.

மாமா ஓட்டினார். பத்து வளைவு, ஒன்றிலும் நிற்கவில்லை. பதினோராவது வளைவுக்கு முன்னால் அவரே பிரேக்கை மிதித்தார்.

"என்ன மாமா?"

"இனிமே நின்னா அது நாந்தானே மாப்ளே?"

எனக்குப் பெட்டியைத்தான் சரிபண்ணத் தெரியும். திரும்பிப் பார்த்தால் தூக்குவாளியோடு அத்தை வாசலில் நிற்கிறார். எப்போது வந்தாரோ, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருந்தார்.

ஒன்றும் திட்டவில்லை. வாளியை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்து மாமாவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நின்னா நான் சொல்றேன்" என்றார். "நீங்க ஓட்டுங்க."

மாமா கியரைப் போட்டார்.